வலிகாமத்துக்கு ஸ்வாட் சரிவருமா? தோட்டத்து உரம் எங்கே போகிறது என்று மாதிரி செய்ய உதவி தேவை

#1 செம்மண்கால் (உரும்பிராய்)

எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தை எடுத்திருக்கிறேன். விவசாய இரசாயனங்கள் மழையோடு வழிந்தோடி நீரிலும் மண்ணிலும் எப்படிப் பரவுகின்றன என்று கணினி மாதிரியில் காட்ட வேண்டும். ஸ்வாட் (வடிநிலத்தில் நீரும் இரசாயனமும் ஓடுவதைக் கணிக்கும் மென்பொருள்) இறக்கி மூன்று கிழமை ஆகிறது. உயர வரைபடம், மண், நிலப்பயன்பாடு எல்லாம் ஏற்றியாயிற்று. வடிநிலங்களைப் பிரிக்கச் சொன்னால் கோணல்மாணலாக எங்கெங்கோ ஓடை கீறுகிறது. எங்கள் வீட்டுக் கோடிக்குள்ளாலும் ஒரு ஆறு போகிறது! அம்மாவிடம் காட்டினேன், பார்த்துச் சிரித்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு எல்லாம் நெருக்கமாகச் செய்கிற இடம். மாமாவுக்கும் எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்) வெங்காயம். கிணற்றில் நைத்திரேற்று (நைட்ரேட்) கூட என்று தெரியும். மாதிரியை ஓடவைக்க யாராவது வழி சொல்லுங்கள்.

#2 வடிகால்காரன் (திருவாரூர்)

ஓடை கோணலாக வருவதற்குக் காரணம் நிலம் தட்டையாக இருப்பதுதான். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவில் உயரப் பிழையே சில மீட்டர் வரும். நிலத்தின் மொத்த ஏற்றஇறக்கமே அவ்வளவுதான் என்றால் மென்பொருள் பிழையைத்தான் ஓடையாக வரையும். டெல்டாவில் எனக்கும் இதே தலைவலி. தெரிந்த வாய்க்கால், வடிகால் எல்லாவற்றையும் கோடாக வரைந்து, அந்த இடத்தில் உயரத்தைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு ஓட்டினேன், ஓரளவு வந்தது. உங்கள் ஊர் ஆற்றை அப்படி வரைந்து பாருங்கள்.

#3 நீர்மட்டம் (நல்லூர், இப்போது கனடா)

தம்பி, எந்த ஆறு?

பகிடிக்குக் கேட்கவில்லை. உங்கள் சிக்கல் முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் கிடக்கிறது. ஸ்வாட் எழுதப்பட்டதே ஆற்று வடிநிலத்துக்கு. அதில் எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரு ஆற்றுவாயில் வந்து முடியும். அங்கே அளந்த ஓட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் மாதிரி சரியா பிழையா என்று பார்ப்பார்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும். எதை வைத்துச் சரிபார்க்கப் போகிறீர்கள்?

காலுக்குக் கீழே இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் துளையுமாக. மேலே சில அடி செம்மண். பெய்கிற மழை பக்கவாட்டில் ஓடுவதை விட நேரே கீழே இறங்குகிறது. யூரியாவும் அதே வழியில்தான் போகிறது. உங்கள் தலைப்பில் உள்ள ‘வழிந்தோடி’ என்ற ஒரு சொல்தான் உங்களை மூன்று கிழமை அலைக்கழித்திருக்கிறது.

#4 செம்மண்கால்

அண்ணை, தலைப்பைப் பீடத்தில் ஏற்றுக்கொண்டாயிற்று, மாற்றுவது சுலபமில்லை. இன்னொன்று, கார்த்திகை மழைக்கு எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும். தண்ணீர் ஓடவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

#5 நீர்மட்டம்

நியாயமான கேள்வி. ஒழுங்கையில் நிற்பது தார் வீதியிலிருந்தும் கூரைகளிலிருந்தும் வந்த தண்ணீர். வெங்காயத் தறைக்குள் அப்படி நிற்குமா என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

மழையில் எவ்வளவு மேலே ஓடும் என்று கணிக்க ஸ்வாட்டுக்குள்ளே இருக்கும் வளைவு எண் முறையையே எடுப்போம். அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950களில் கொண்டுவந்தது. மண்ணுக்கும் பயிருக்கும் ஒரு எண். 25400ஐ அதனால் வகுத்து 254ஐக் கழித்தால், மண் கூடியபட்சம் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று வரும். அதையும் மழையையும் அந்த முறையின் இன்னொரு சூத்திரத்தில் போட்டால் ஓடும் அளவு வரும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். இறுகிய களிமண்ணுக்கு எண் 80 என்றால் 50 மில்லிமீட்டர் ஓடிவிடும். உறிஞ்சும் மண்ணுக்கு 50 என்று போட்டால் வெறும் 8. அதே மழைதான், ஆறு மடங்கு வித்தியாசம். மழை 50 மில்லிமீட்டர் மட்டும் என்றால் இரண்டாவது மண்ணில் ஒரு சொட்டும் ஓடாது.

ஆனால் மாத மொத்தத்தை வைத்து மாதிரி ஓட்டாதீர்கள். வருடம் 1200, 1300 மில்லிமீட்டர் என்றால் அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரே நாளில் முந்நூறு மில்லிமீட்டரைத் தாண்டியது. அப்படியான நாளில் செம்மண்ணும் கைவிட்டுவிடும். சராசரி போட்டால் அந்த நாள் காணாமல் போய்விடும்.

#6 கேரட்மலை (நீலகிரி)

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் கதை தலைகீழ். சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும். பாத்தியை மேலிருந்து கீழாகப் பிடித்த தோட்டத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். அந்த நிறம்தான் மேல்மண். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்துகளைப் பிடித்துக்கொண்டே போகும், தனியாகக் கரைந்து போவது கொஞ்சம்தான். அதனால் எங்களுக்கு மண்ணரிப்புக் கணக்குதான் முதலில். நைட்ரேட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அதுவும் எதிர்மின்சுமை, களிமண்ணும் எதிர்மின்சுமை. தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போய்விடும். ‘விவசாய இரசாயனம்’ என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் மாதிரிக்குள் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த இரசாயனம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

#7 செம்மண்கால்

நைத்திரேற்று மட்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். களைகொல்லி, பூச்சிகொல்லி எல்லாம் சேர்த்தால் பட்டமளிப்பு முடிந்துவிடும். ஸ்வாட்டும் வேண்டாம். அப்படியானால் எதில் தொடங்குவது? மண்ணுக்குள் நீர் இறங்குவதைக் கணிக்கும் ஹைட்ரஸா, நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் மாட்ஃப்ளோவா?

#8 நீர்மட்டம்

கொப்பியும் பேனையும்.

ஒரு பரப்பை எடுங்கள். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீட்டர். பெய்த மழையில் 300 மில்லிமீட்டர் கீழே இறங்கி நிலத்தடி நீரோடு சேர்கிறது என்று இப்போதைக்கு வைப்போம் (இது என் ஊகம், நீங்கள் பிறகு திருத்த வேண்டிய எண்). அப்படியானால் ஒரு பரப்புக்குள்ளால் வருடத்துக்கு 76 கன மீட்டர் தண்ணீர் இறங்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்குள் இருக்கும் நைதரசனை (நைட்ரஜன்) மட்டும் சொன்னால் 11.3. ஒரு கன மீட்டருக்கு 11.3 கிராம் என்றாலும் அதேதான். 76ஆல் பெருக்குங்கள்: 860 கிராம் நைதரசன். யூரியாவில் நைதரசன் 46 வீதம், ஆகவே 1.9 கிலோ யூரியா.

இதுதான் முழு மாதிரியும். பயிர் எடுத்தது போக, காற்றில் போனது போக, ஒரு பரப்பிலிருந்து வருடத்தில் இரண்டு கிலோ யூரியாவுக்குச் சமனான நைதரசன் கீழே இறங்கினாலே போதும், அந்தத் தண்ணீர் எல்லையைத் தாண்டிவிடும். மாமா ஒரு போகத்துக்குப் பரப்புக்கு எத்தனை கிலோ போடுகிறார், வருடத்துக்கு எத்தனை போகம், அறுவடையில் எவ்வளவு வெளியே போகிறது? இந்த மூன்றையும் கேட்டு எழுதிய பிறகு கணினியைத் திறவுங்கள்.

#9 துலாக்கால் (புன்னாலைக்கட்டுவன்)

நான் படிப்பாளி இல்லை, தோட்டக்காரன். மகன் காட்டித்தான் இதை வாசித்தேன். எங்கே தண்ணீர் பழுதானாலும் கடைசியில் தோட்டக்காரன் தலையில்தான் வந்து விடியும். என் கிணற்றிலிருந்து நாற்பது அடியில் பக்கத்து வீட்டு மலக்குழி. அந்த வளவுக்குள் இப்போது மூன்று வீடு, மூன்று குழி. அதுவும் இதே கல்லுக்குள்ளால்தானே இறங்குகிறது? அதற்குக் கணக்கு இல்லையா?

இன்னொன்று. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிற்பாட்டியதே. வைகாசியில் தடை, கார்த்திகையில் எடுத்தார்கள். அந்தப் போகம் நான் போட்டது மாட்டெருவும் இலைகுழையும் மட்டும். உங்கள் கணக்கில் எல்லா வருடமும் ஒரே யூரியாதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

#10 நீர்மட்டம்

ஐயா, இரண்டு இடத்திலும் என்னைப் பிடித்துவிட்டீர்கள்.

ஒரு ஆள் வருடத்துக்கு 4 முதல் 5 கிலோ நைதரசன் கழிவாக வெளியேற்றுகிறார், பெரும்பகுதி சிறுநீரில். ஐந்து பேர் உள்ள வீடு என்றால் இருபது கிலோவுக்கு மேல். ஒரு பங்கு வாயுவாகப் போய்விடும், ஆனாலும் பாருங்கள்: மேலே நான் சொன்ன எல்லை பரப்புக்கு 860 கிராம். ஒரு வீட்டுக் குழியே இருபது பரப்புக்கு மேற்பட்ட எல்லையைத் தின்றுவிடக்கூடியது. தோட்டத்தில் அது பரந்து இறங்குகிறது, குழியில் ஒரே புள்ளியில் இறங்குகிறது. மாதிரியில் இரண்டையும் வெவ்வேறு விதமாகக் கொடுக்க வேண்டும். தம்பி, ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்துக் குழி எத்தனை மீட்டர் என்று நாடா பிடித்து அளந்து எழுதுங்கள்.

2021ஐயும் மறக்காதீர்கள். இங்கிலாந்தில் சோக்குக் கல்லுக்குள் நைத்திரேற்று வருடத்துக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் ஊர்ந்து இறங்கும். இன்று போட்ட உரம் பேரப்பிள்ளை காலத்தில்தான் கிணற்றுக்கு வரும். எங்கள் கல்லில் வெடிப்புகள் வழியே அதே மாரியில் வந்துவிடும். ஆகவே ஒரு போகம் குறைந்தால் அது மாதிரியில் தெரிய வேண்டும்.

#11 கேரட்மலை

குழியா யூரியாவா என்று பிரிக்க நைட்ரஜன்-15 ஐசோடோப் பார்ப்பார்கள். இரசாயன உரத்தில் அந்த விகிதம் பூஜ்யத்தையொட்டி இருக்கும், மனிதக் கழிவில் 10க்கு மேல் போகும். ஆனால் துலாக்கால் ஐயா மாட்டெருவும் போடுகிறார். மாட்டெருவும் மனிதக் கழிவும் அந்த அளவீட்டில் ஒன்றாகத்தான் தெரியும். செலவழித்த பிறகு இது தெரியவந்தால் வயிறு எரியும், அதனால் முன்பே சொல்கிறேன்.

#12 வடிகால்காரன்

நான் #2இல் ஆற்றை வரையச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :)

நெல்வயலில் பழகிய புத்தி. எங்களுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் இல்லாததால் நைட்ரேட் அதிகம் உருவாகாது. உருவானதும் கீழ்மண்ணில் நைட்ரஜன் வாயுவாகிப் போய்விடும். போட்ட யூரியாவில் கணிசமான பங்கு மேலேயே அம்மோனியாவாகப் பறந்துவிடும். மிச்சம் வடிகாலுக்கு. அதனால் எனக்கு வடிகால்தான் உலகம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரு ஆய்வகத்தில் 24 மாதிரி கொடுத்தேன். தாளில் ‘நைட்ரேட்: 14’ என்கிற மாதிரி எண்கள் வந்தன. இந்தியாவின் குடிநீர் எல்லையான 45க்குள் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று மாதிரியைச் சரிபார்த்தேன். கணக்கு எல்லா இடத்திலும் நாலு மடங்கு அதிகமாக வந்தது. மண்ணின் கசிவுத்திறனைக் குறைத்தேன், பயிர் எடுப்பதைக் கூட்டினேன், வாயுவாகும் வேகத்தைக் கூட்டினேன். கடைசியில் எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது! ஒன்றரை மாதம் கழித்து ஒரு டீக்கடையில் அந்த ஆய்வக ஊழியரைப் பார்த்தபோது கேட்டேன். ‘அது நைட்ரஜனாகத்தான் சார் கொடுப்போம்’ என்றார். 14ஐ 4.43ஆல் பெருக்கினால் 62. மாதிரி ஆரம்பத்திலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் அதைத் திருத்தித் திருத்திக் கெடுத்திருக்கிறேன். பொருந்துகிறது என்பதால் மட்டும் எதையும் நம்புவதில்லை, அன்றிலிருந்து.

#13 துலாக்கால்

மருந்துகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. குடிக்கிற தண்ணீரில் எனக்குப் பசளையை விட அதுதான் பயம்.

#14 கேரட்மலை

ஐயா, ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு குணம் பார்க்க வேண்டும். மண்ணில் எத்தனை நாளில் பாதியாகச் சிதையும், மண்ணின் மக்கோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டும். கார்போபியூரானுக்குப் பாதியாக 50 நாள் என்று எடுப்பார்கள், ஒட்டும் எண் 22தான். குளோர்பைரிபாஸ் 30 நாள், ஒட்டும் எண் 6000க்கு மேல். 1989இல் கஸ்டாஃப்சன் கொடுத்த சூத்திரத்தில் இந்த இரண்டையும் போட்டால் முதலாவது 4.5, இரண்டாவது 0.3 வருகிறது. 2.8க்கு மேல் என்றால் கீழே இறங்கக்கூடியது, 1.8க்குக் கீழே என்றால் இறங்காதது. ஆக, முதலாவதைக் கிணற்றில் தேட வேண்டும், இரண்டாவதை மண்ணிலும், மண் அரித்துப் போய்ச் சேர்ந்த குளத்துச் சேற்றிலும் தேட வேண்டும். ஆனால் இது மண் ஒரு சல்லடை மாதிரி வேலை செய்யும் இடத்துக்கு. உங்கள் ஊர்க் கல்லில் வெடிப்பு வழியே நேராக இறங்கினால், ஒட்டுவதற்கு நேரமே கிடைக்காது. எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

#15 செம்மண்கால்

மாட்ஃப்ளோ பற்றி ஒரு முடிவு சொல்லுங்கள். நிலத்தடி நீரை அதில் ஓட்டி, நைத்திரேற்றை எம்டி3டியில் (கரைந்த பொருள் நீரோடு நகர்வதைக் கணிக்கும் துணை மென்பொருள்) ஓட்டலாம் என்று வாசித்தேன்.

#16 வடிகால்காரன்

தாராளமாக ஓட்டலாம். உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

#17 நீர்மட்டம்

ஓட்டலாம், ஆனால் அது நிலத்தை மணல் நிரப்பிய பெட்டி மாதிரிப் பார்க்கிறது. மணல் போன்ற நுண்துளைகளுக்குள்ளால் நீர் மெல்லக் கசிவதற்கான டார்சி விதி எல்லா இடமும் செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புக்கல்லில் ஒரு குகைவழி இருந்தால் தண்ணீர் அதற்குள்ளால் ஆறு மாதிரி ஓடும், பக்கத்துக் கல்லில் அசையாமல் நிற்கும். கீரிமலையில் கடலோரமாக நன்னீர் ஊற்றெடுப்பது சும்மாவா? குழாய்வழி ஓட்டத்துக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை தனிச் சேர்க்கை ஒன்று வெளியிட்டிருக்கிறது. அதற்குக் குகை எங்கே, எவ்வளவு அகலம் என்று கொடுக்க வேண்டும். அதை எங்கே போய் அளப்பது?

#18 வடிகால்காரன்

வலிகாமம் முழுக்க எடுத்தால், நூற்றுக்கணக்கான வெடிப்பு சேர்ந்து மணல் மாதிரித்தான் நடந்துகொள்ளும். ஒரு கிணற்றை வைத்து மாதிரியைத் தள்ளிவிடக்கூடாது.

#19 நீர்மட்டம்

மொத்த நீரின் அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஒரு கிணற்று நைத்திரேற்று எப்போது ஏறும் என்பதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். குடிப்பவருக்கு வேண்டியது பின்னையது.

இன்னொன்று, மாட்ஃப்ளோ ஓட்டினால் கீழ்ப்பக்க எல்லையில் உப்புநீரை வைக்க மறக்கக்கூடாது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் கணக்கு. நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் அடியில் உப்பு அதன் நாற்பது மடங்கு ஏறப் பார்க்கும். ஆழமாகத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துக் கலந்து நைத்திரேற்றைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த 40ஐச் சொல்லுங்கள்.

#20 செம்மண்கால்

இரண்டு கிழமை கழித்து வருகிறேன். #8இல் சொன்னபடி கொப்பியோடு மாமாவிடம் போனேன். யூரியாக் கணக்குக் கேட்டபோது கையை விரித்துக் காட்டினார், ‘ஒரு கை வீசினால் இவ்வளவு’ என்றார். பிறகு கடைத் துண்டுகளைத் தேடி எடுத்தோம்.

அங்கேதான் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. மாமா கிணற்றில் நைத்திரேற்று 60 (வடிகால்காரன் அண்ணா, நைத்திரேற்றாகத்தான், இரண்டு தரம் கேட்டுவிட்டேன்). அதே கிணற்றிலிருந்துதான் வெங்காயத்துக்கு இறைப்பு. மோட்டர் போட்டு இருநூறு லீற்றர்ப் பீப்பாயை நிரப்பிப் பார்த்தோம், 40 செக்கன். மணித்தியாலத்துக்கு 18 கன மீட்டர். ஒரு போகத்துக்கு இருபது இறைப்பு, ஒவ்வொன்றும் இரண்டேகால் மணித்தியாலம். எட்டுப் பரப்புக்குப் பிரித்தால் பரப்புக்கு ஏறக்குறைய 100 கன மீட்டர்.

கன மீட்டருக்கு நைதரசனாக 13.5 கிராம் என்றால், மொத்தம் 1.35 கிலோ. யூரியாவாகப் பார்த்தால் பரப்புக்கு 3 கிலோ. மாமா மூட்டையை அவிழ்க்கும் முன்பே கிணறு அவ்வளவு பசளையை வயலுக்குப் போட்டுவிடுகிறது! இது எந்த உள்ளீட்டுப் பட்டியலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. போட்டது கீழே போய், மோட்டரில் மேலே வந்து, திரும்ப இறங்குகிறது.

மாமா நம்பவில்லை. ‘தண்ணீரில் யூரியா இருந்தால் ருசி தெரியாதா?’ என்றார்.

#21 நீர்மட்டம்

ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது தம்பி. தலைப்பில் ‘வழிந்தோடி’ இருந்துவிட்டுப் போகட்டும், முதல் அத்தியாயத்தில் #5இல் வந்த எட்டு மில்லிமீட்டர் கணக்கைக் காட்டி, ஓடுவது ஏன் சிறு பங்கு என்று எழுதுங்கள். மிச்சம் முழுக்க இந்தச் சுற்றைப் பற்றியதாக இருக்கட்டும். ஒரு பரப்புக்கு ஹைட்ரஸில் நாளாந்த மழையும் நாளாந்த இறைப்பும் கொடுத்து ஓட்டுங்கள். பத்துக் கிணறு போதும், புரட்டாதியில் ஒன்று, மாரி நடுவில் ஒன்று, சித்திரையில் ஒன்று. மாதிரி எடுக்கும் முன் மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், வாளியால் மேல்தண்ணீரை அள்ளாதீர்கள்.

மாமா இரண்டு பரப்பை மட்டும் உங்களுக்கு விடுவாரா? அதில் பரப்புக்கு இரண்டு கிலோ யூரியா குறைத்துப் போட்டுப் பாருங்கள். கிணறு மூன்று தருவதாகச் சொல்கிறது, எல்லாமே பயிருக்குக் கிட்டாது. முழுவதையும் குறைத்து அவரது வெங்காயத்தோடு விளையாட வேண்டாம்.

#22 துலாக்கால்

தம்பி, மாமா விடாவிட்டால் இங்கே வாருங்கள். கிணற்றடியோடு இரண்டு பரப்பு சும்மா கிடக்கிறது, வெங்காயம் நடத்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுக் குழியையும் நாடா பிடித்து அளந்து தாருங்கள். நான் கேட்டால் சண்டை வரும், நீங்கள் படிக்கிற பிள்ளை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

#23 செம்மண்கால்

சனிக்கிழமை காலை வருகிறேன் ஐயா. நாடா என்னிடம் இருக்கிறது, போத்தலும் கொண்டு வருகிறேன்.